ஏரிப்பக்கச் சுவர்

பீர்க்கன்கரணை
12.10.2006

அன்பு மகன் மதியழகனுக்கு அம்மா எழுதுவது. மஸ்கட்டில் நீ வேளைக்குச் சாப்பிட்டு உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கவேண்டும். இங்கே நாங்கள் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் பேச்செடுத்தாலே வேலையாக இருக்கிறேன் என்று வைத்துவிடுகிறாய், பக்கத்து வீட்டு எல்லம்மாவின் மருமகன் ஞாயிற்றுக்கிழமை அங்கே கிளம்புகிறார், அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன், முழுக்கப் படி.

நீ சொல்லிவிட்டாய் என்று மேஸ்திரி ஏசுபாதம் செவ்வாய்க்கிழமை காலையில் தோட்டத்து ஏரிப்பக்கம் சுவர் கட்ட ஜேசிபியோடு வந்துவிட்டார். அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? ரிட்டயரானதிலிருந்து பேச்சில்லாமல் படுத்தே கிடந்த மனுஷனை எழுப்பியது அந்த ஓரம்தான். செங்கல்பட்டுப் பக்கம் இயற்கையோடு ஒட்டித் தோட்டம் போடக் கற்றுத்தருகிற பெர்மாகல்ச்சர் வகுப்புக்குப் போய்வந்தார், தண்ணீரும் தரையும் சேருகிற இடத்தில்தான் உயிர் அதிகம், அதை நேராக வெட்டாமல் வளைத்து விடுங்கள் என்றார்களாம். மூன்று வருஷமாக வளைத்து வளைத்து மண் வெட்டி, வெட்டிவேரும் கோரையும் வைத்து, அடுக்களைத் தண்ணீரைக் கல்வாழைக்குத் திருப்பிவிட்டார். முதலில் மடையான் கொக்கு வந்தது, அப்புறம் முக்குளிப்பான், போன மாதம் கானாங்கோழி கோரைக்குள் கூடு கட்டி ஐந்து முட்டை இட்டது. பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொன்னபோது அவர் குரலே வேறு.

ஜேசிபி பாதி ஓரத்தை வழித்துவிட்டது. முட்டை ஒன்றும் மிஞ்சவில்லை. அப்பா ஓடிப்போய்ச் சேற்றில் உட்கார்ந்துகொண்டார், நான் இழுத்தும் எழவில்லை. டிரைவரே இறங்கி வந்து, கூடு கீதுன்னு சொல்லியிருந்தா பக்கெட்டையே எறக்கியிருக்க மாட்டேன் பெருசு, என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டான். மேஸ்திரி, வூடு உங்க பையன் பேர்ல கீது, அவரு சொன்னாத்தான் நிறுத்துவேன், அடுத்த வியாழன் வரைக்கும் டைம், என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று முழுக்க அந்தக் கோழி கத்திக்கொண்டே சுற்றியது. அப்பா இன்றோடு மூன்று நாளாகச் சோற்றைத் தொட்டுவிட்டு எழுந்துவிடுகிறார்.

போன வருஷ வெள்ளத்துக்குப் பயந்துதான் சுவர் என்கிறாய், தெரிகிறது. ஆனால் அந்த வெள்ளத்தில் விழுந்தது இதே ஏரிக்கரையில் தோத்தாத்ரி சார் கட்டியிருந்த சுவர்தானே, நம் மண்ணை வெட்டிவேர் பிடித்துக்கொண்டதை நான் கண்ணால் பார்த்தேன். உன்னிடம் நான் இதுவரை எதையும் கெஞ்சிக் கேட்டதில்லையடா, இப்போது கேட்கிறேன். மீதி ஓரத்தையாவது விட்டுவிடு, அவர் மறுபடி படுத்துவிட்டால் என்னால் தூக்கி நிறுத்த முடியாது.

நீ நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்கவேண்டும். மறக்காமல் வியாழனுக்குள் மேஸ்திரியிடம் பேசு, பிறகு வீட்டுக்குப் போன் செய். அப்பா எடுக்கமாட்டார். மணி அடிக்கவிடு, நான் எடுத்து அவர் காதில் வைக்கிறேன்.

உன் அம்மா,
கனகவல்லி