ஒரே குடி

2021 ஓகஸ்ட் 16, திங்கள்

எழுத வெட்கமாக இருக்கு. என்றாலும் என்ட கொப்பிதானே, ஆர் பார்க்கிறது. இன்றைக்கு, என்னிடம் பார்க்க விட்டுப் போகிற பிள்ளைகளுக்குக் கதை சொல்ல அதுகளின் சின்னப் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தேன். மறுகா எழும்பினேன், கதிரையும் என்னோடு எழும்பிற்று. ஒன்பது பிள்ளைகளும் கைதட்டிச் சிரிக்குதுகள். நானும் வேண்டுமென்று செய்தது போலப் பின்னால் கதிரையோடு முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். உண்மையில் கழற்றத் தெரியவில்லை. மகனைக் கூட்டிப் போக வந்த தனுஷாதான் இரண்டு கையாலும் இழுத்துக் கழற்றினாள். "ஆஸ்பத்திரியில ஆக்களைக் கட்டிலால தூக்கிறது இதை விட லேசு மாமி" என்றாள்.

தூக்கிறது அவளுக்குப் பழக்கம். கொரோனா வார்ட்டில் சிற்றூழியர். இன்னும் நிரந்தரமாக்கவில்லை. புருசன் கட்டாரில் மாட்டுப்பட்டு நிற்கிறான், தாய் வாகரையில் படுத்த படுக்கை. மூன்று வயது மதுரனுக்கு அவள் வரும் வரைக்கும் நான்தான்.

ஓகஸ்ட் 18, புதன்

ஐந்து பிள்ளைகள் வரவில்லை. வீட்டில் நிற்கக் கூடிய தாய்மார் நின்று விட்டார்கள். அது சரிதான். நாளைக்கு இன்னும் இரண்டு குறையுமாம்.

ஓகஸ்ட் 20, வெள்ளி

இன்று இரவு பத்து மணியோடு நாடு பூட்டு.

சுகாதாரப் பரிசோதகர் றமீஸ் தம்பி காலையில் வந்தார். அவர் முகத்தைக் கண்டால் கொரோனாவே பயந்து ஓடும் என்று நான் எப்போதும் பகிடி பண்ணுவேன், அவரும் தலையைக் குனிந்து சிரிப்பார். இன்றைக்குச் சிரிக்கவில்லை. பிள்ளை பராமரிக்கிற இடமெல்லாம் பூட்ட வேண்டுமாம். "சொந்தக்காரப் பிள்ளையை வச்சிருந்தா அது உங்கட வீட்டு விசயம் அக்கா. மற்றப் பிள்ளை ஒண்டும் கேற்றுக்குள்ள வரப்படாது."

பின்னேரம் இரண்டு பேர் கேற்றடியில் நின்றார்கள். தனுஷாவும் பஸ்னாவும். பஸ்னா ஓட்டமாவடிப் பிள்ளை, காமன்ட்ஸ் தொழிற்சாலையில் உடுப்புத் தைக்கிறாள். மகள் ஸுஹைனாவுக்கு இரண்டரை வயது. காமன்ட்ஸ் பூட்டவில்லையாம், பஸ் வழமை போல ஐந்தரைக்கு வருமாம். தனுஷா மூன்று நாள் போகாவிட்டால் பெயரை வெட்டி வேறு ஆளைப் போடுவார்களாம்.

"ஆஸ்பத்திரி பூட்டல்ல, காமன்ட்ஸ் பூட்டல்ல. எங்கட புள்ளைகள மட்டும் எங்க மாமி பூட்டி வைக்கிற?" என்று பஸ்னா கேட்டாள்.

எனக்கு ஒரு பகிடியும் வரவில்லை.

ஓகஸ்ட் 21, சனி

ஒரு நாளைக்கு நூறு தரம் மாமி, மாமி என்று கேட்ட காது. இன்றைக்குக் காகம் மட்டும்.

ஓகஸ்ட் 22, ஞாயிறு

என்ட மனிசன் இளையதம்பியரோடு சண்டை. இரண்டு பிள்ளையைத்தானே எடுப்போம் என்று மெல்லக் கேட்டேன். "என்ட நெஞ்சைக் கேட்டுப் போட்டு எடு" என்றார். இவருக்கு இழுப்பு. தலையணைக்குக் கீழே எப்போதும் அந்த ஊதுகிற பம்ப்.

நான் கத்திற்றன். அந்தப் பிள்ளை வேலைக்குப் போகாட்டி அங்க கிடக்கிற சனத்துக்குத் தண்ணி பருக்கிறது ஆரு? நாளைக்கு உங்களுக்கு ஒண்டெண்டா அந்த ஆஸ்பத்திரிக்குத்தானே ஓடோணும்? அங்க ஆள் இல்லாட்டி? — கத்தி முடிய இவர்ட முகத்தைப் பார்த்தன். இவருக்கு ஒண்டெண்டா மறுகா நான் என்னத்துக்கு? ரெண்டும் சரியாக் கிடக்கு. ரெண்டும் சரியெண்டா நான் எதைச் செய்யிற?

பொழுது படேக்க இளையதம்பியர் பாயைச் சுருட்டினார். தலையணை, பம்ப், சின்ன அடுப்பு. ஆற்றங்கரையில் வலை வைக்கிற வாடிக் கொட்டிலுக்குப் போகிறாராம்.

"நீ அதுகளை எடு. சோத்தைக் கட்டி வேலியில கொழுவு, நான் வந்து எடுக்கிறன்."

"முப்பது வருசத்தில என்னை விட்டுப் போக இப்பதான் ஒரு சாட்டுக் கிடைச்சிரிக்கி உங்களுக்கு" என்றேன். சிரிக்கப் போய் இருமினார். போகிறவரைப் பார்க்க ஏலாமல் குசினிக்குள் போனேன்.

ஓகஸ்ட் 23, திங்கள்

வந்துட்டுதுகள். தாய்மார் கேற்றுக்கு வெளியே. உடுப்பு மாற்றி, பைப்பில் சவுக்காரம் போட்டுக் கழுவித்தான் பிள்ளையை உள்ளே எடுக்கிறது. மாஸ்க்கோடு கதை சொன்னால் மதுரனுக்குச் சிங்கம் எது நரி எது என்று விளங்குதில்லை. இரண்டுக்கும் ஒரே குரலாம்.

ஓகஸ்ட் 25, புதன்

பக்கத்து வீட்டு அன்னப்பூரணி வேலிக்கு மேலால் தலையை நீட்டினாள். அவள் வீட்டில் மாமனாருக்கு எண்பது வயது. "நீங்க சிரிச்சுச் சிரிச்சே எங்களக் கொல்லப் போறீங்க கா" என்றாள். சண்டைக்கு வந்த குரல் இல்லை, பயந்த குரல். அவள்தான் அறிவித்திருக்கிறாள். பத்து மணிக்கு றமீஸ் தம்பி ஒரு தாளோடு வந்தார்.

வீட்டில் இருக்கிற ஆட்கள், வயது, உறவு. நிரப்பி வைக்கச் சொல்லி அவசரமாகப் போய் விட்டார். அஞ்சாம் வகுப்போடு நின்ற கைக்கு ஒரு தாளைக் கண்டால் வேர்க்கும். மதுரன், 3. ஸுஹைனா, 2½. உறவு?

நிறைய நேரம் யோசித்துப் போட்டு இரண்டு பேருக்கும் 'ஒரே குடி' என்று எழுதினேன். குடி தாய்வழியில் வருகிறது. என்ட தாய் செத்து இருபது வருசம், அவளைப் போய் ஆர் கேட்கிறது? பின்னேரம் ஒருவர் வந்து தாளை வாங்கிப் போனார்.

ஓகஸ்ட் 27, வெள்ளி

காலையில் சுகாதாரக் கந்தோரில் இருந்து போன். புதிதாக வந்த மிஸ், வேறு மாவட்டமாம்.

"அம்மா, மூன்று வயதுப் பிள்ளைக்கு ஆர் குடிக்கக் குடுக்கிறது?"

பால் நான்தான் கொடுக்கிறேன் என்றேன்.

"பால் இல்லை. ஒரே குடி என்று எழுதியிருக்கிறீங்க. இரண்டரை வயதுப் பிள்ளையும் ஒரே குடியாம். கசிப்புக் காய்ச்சிற வீடா?"

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அதுதான் பிழையாய்ப் போயிற்று. சிரிக்கச் சிரிக்க அவவுக்குச் சந்தேகம் கூடிற்று. சிறுவர் உத்தியோகத்தரை அனுப்பப் போவதாகச் சொல்ல, நான் சிரிப்பை விழுங்கி விளங்கப்படுத்தினேன். இது சாராயக் குடி இல்லை மகள், எங்கட பக்கத்தில் தாயின் வம்சத்தைக் குடி என்கிறது, ஒரு குடியில் பிறந்தவர்கள் சகோதரம் மாதிரி, தங்களுக்குள் கலியாணம் முடிக்கிறதில்லை. எல்லாம் கேட்டு விட்டு ஒரு கேள்வி கேட்டா. அப்ப அந்தப் பிள்ளைகளின் தாய் உங்களுக்குச் சொந்தத் தங்கச்சியா, தங்கச்சியின் மகளா?

பிள்ளை அழுகுது என்று சொல்லிப் போனை வைத்தேன்.

நாலு மணிக்கு றமீஸ் தம்பி. நான் மாம்பழமும் கதிரையும் கொடுத்தேன், கதிரையில் இருந்தார், மாம்பழத்தைத் தொடவில்லை. முற்றத்தில் இருந்து மதுரன் "மாமீ, மூத்திரம்" என்று கத்தினான். ஸுஹைனாவும் அவன் பின்னால் "மாமீ" என்றாள். றமீஸ் தம்பி வேறு ஊர் மிஸ் இல்லையே. முஸ்லிம் ஆக்களுக்குள்ளும் எங்களைப் போலக் குடி இருக்கு.

"ஒரே குடி எண்டா பெரியம்மா எண்டோ அம்மம்மா எண்டோ கூப்பிடோணும். மாமி எண்டா வேற குடியெல்லா அக்கா?"

"அம்மம்மா எண்டு கூப்பிட விட்டா எனக்கு வயசு போயிரும் தம்பி."

சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். கண் இரண்டும் சிவந்திருந்தது. "நாடெல்லாம் இரிந்து ஓட்டமாவடிக்குக் கொரோனாவில செத்தவங்கட பெட்டி வருகுது. அடக்கிப் போட்டுத்தான் நான் இஞ்ச வாறன். உங்களுக்குப் பகிடி."

அப்போதுதான் எனக்கும் கோபம் வந்தது. "அந்தப் பெட்டிக்குள்ள போகாம ஆக்களைக் காப்பாத்திறது தனுஷா மாதிரிப் பிள்ளையள்தானே. அதுகள்ட பிள்ளையை ஆரு பாக்கிற? அதையும் உங்கட தாளில ஒரு கட்டம் கீறிப் போடுங்க தம்பி, நான் நிரப்பித் தாறன்."

அவர் தொப்பியை எடுத்துத் தலையில் போட்டார். மறுகா எழும்பினார். திங்கட்கிழமையில் இருந்து ஒரு பிள்ளையும் நிற்கக் கூடாதாம். குரல் பெலனில்லாமல் இருந்தது. சட்டம் சட்டம்தான் என்றார், கேற்றைப் பார்த்துக் கொண்டு.

ஓகஸ்ட் 29, ஞாயிறு

தனுஷாவுக்குக் காய்ச்சல். ஞாயிறு வேலை முறை முடிந்து மகனை எடுக்க வந்தவள் கேற்றைத் தொடாமல் தெருவிலேயே நின்றாள். "அவனைக் கொண்டு வராதீங்க மாமி. அவன்ட சாமானைப் புறம்பா வைச்சுக் கொள்ளுங்க." அவன் உள்ளே இருந்து அம்மா, அம்மா என்கிறான். அவள் காதைப் பொத்திக் கொண்டு போகிறாள்.

ஓகஸ்ட் 30, திங்கள்

தனுஷாவுக்கு இருக்காம். ஆஸ்பத்திரியிலேயே மறித்து விட்டார்கள்.

கேற்றில் தனிமைப்படுத்தல் தாள் ஒட்டியாயிற்று. பதினாலு நாள். பூட்டச் சொன்ன நாளில் நானும் மதுரனும் வீட்டுக்குள் பூட்டுப்பட்டோம். பஸ்னாவின் வீட்டிலும் தாள். காமன்ட்ஸுக்கு அவள் அறிவித்தாளாம், இனி வரத் தேவையில்லை என்றார்களாம். அதைச் சொல்லி விட்டுப் போனை வைத்து விட்டாள்.

ஓகஸ்ட் 31

பஸ்னாவுக்கு ஆறு தரம் எடுத்தேன். எடுக்கவில்லை.

செப்ரெம்பர் 2, வியாழன்

கொரோனாச் சோதனை முடிவு வந்தது. எனக்கு இருக்கு. மதுரனுக்கு இருக்கு. ஸுஹைனாவுக்கு இல்லை — பெரிய புண்ணியம்.

பையனுக்கு ஒன்றும் இல்லை, மேசைக்கு மேலே ஏறிக் குதிக்கிறான். எனக்கு இஞ்சிக்கும் சோற்றுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அது போகட்டும். வாடியில் இருந்து இவர் போன் எடுத்தார். வசனத்துக்கு நடுவில் மூச்சு எடுக்கிறார். ஒன்றுமில்லை, தூசியாம்.

செப்ரெம்பர் 3, வெள்ளி

தூசியாம்! ஆத்தங்கரையில என்ன தூசி?

போன வெள்ளிக்கிழமை வேலியடியில நிண்டவர். சோத்துப் பார்சலை எடுக்க வந்த மனிசன், மதுரன் ஓடிப் போக, வேலிக்கு மேலால தூக்கி ஒரு சுத்துச் சுத்தினார். நான் கண்டனான். ஏசினனான். ஆனா சிரிச்சுச் சிரிச்சுத்தானே ஏசினன். அன்னப்பூரணி சொன்னது சரியா? வாடிக்கு மீன் எடுக்க வாற ஆக்களாலயும் வந்திரிக்கலாம். ஆரால எண்டு ஆரு சொல்லுவா? எனக்கு நான்தான் சொல்லோணும். நான் திறக்காட்டி — நான் திறக்காட்டி தனுஷாவுக்கு வாறது வராம விட்டிரிக்குமா? விட்டிராது. வந்துதான் இரிக்கும். அப்ப இவருக்கு?

இந்தக் கேற்றைத் திறந்து ஓட ஏலாது. ஓடினா இந்த வருத்தத்தை ஆருக்குக் குடுப்பன்.

செப்ரெம்பர் 4, சனி

வெட்கத்தை விட்டு றமீஸ் தம்பிக்கு எடுத்தேன். அரை மணித்தியாலத்தில் வாடிக்குப் போய் விட்டார். அவரே அம்புலன்சுக்கு எடுத்து, அது வரும் வரைக்கும் பக்கத்தில் நின்றாராம். எனக்குப் போன் எடுத்து, "ஒக்சிசன் போட்டிரிக்கி அக்கா, கதைக்க ஏலாது, ஆனா முழிச்சிரிக்கார்" என்றார். சொல்லிக் காட்டியிருக்கலாம். சொல்லவில்லை.

செப்ரெம்பர் 5

ஒரு போனும் இல்லை.

செப்ரெம்பர் 6, திங்கள்

விடியத் தனுஷா எடுத்தாள். காய்ச்சல் விட்டு எழும்பி நடக்கிறாளாம். ஆம்பிளைகளின் வார்ட்டில் ஆள் காணாது என்று, நோயாளியாகக் கிடந்தவள் தானாகவே போய் நின்றாளாம்.

"மாமா அரைக் கோப்பை கஞ்சி குடிச்சார் மாமி. நான்தான் பருக்கினன். என்ட மகன் சாப்பிட்டானா?"

சாப்பிட்டான் என்றேன். மதுரன் போனைப் பறித்து, தான் பல்லி பிடித்த கதையைச் சொன்னான்.

செப்ரெம்பர் 9, வியாழன்

கேற்றில் சோற்றுப் பார்சல் தொங்குது. மூன்று நாளாக. வேலிக்கு அங்கால் இருந்து ஒரு சத்தமும் இல்லை, ஆனால் அன்னப்பூரணியின் சொதி எனக்குத் தெரியும். இன்றைக்குத்தான் வாய்க்கு உருசி வந்தது. உப்பில்லை. அது கோபமா, அவளின் வழமையான கையா என்று இனித்தான் பார்க்க வேண்டும்.

செப்ரெம்பர் 18, சனி

இவர் வந்தார். காற்சட்டை இடுப்பில் நிற்குதில்லை. ஒரு சேட்டுக்குள் இரண்டு இளையதம்பி போகலாம். கட்டிலில் இருந்து என்ட கையைப் பிடித்தார். இவர்ட கை முழுக்க ஊசி குத்தின கண்டல்.

"திறந்தது பிழையா?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியா புள்ள. ஆனா அந்தப் பிள்ளை இல்லாட்டி எனக்குக் கஞ்சி பருக்க ஆள் இல்ல. அதுவும் உண்மை."

செப்ரெம்பர் 21, செவ்வாய்

பஸ்னா வந்தாள். அழுதாள், ஏசினாள், தேத்தண்ணி குடித்தாள். காமன்ட்ஸ் திரும்ப எடுக்காதாம். நான் மன்னிப்புக் கேட்டேன், பகிடி இல்லாமல். வாழ்க்கையில் முதல் தரம் என்று நினைக்கிறேன்.

ஒக்டோபர் 4, திங்கள்

ஊர் திறந்தாயிற்று. எனக்கு ஆறு பிள்ளைக்கு மேல் எடுக்கக் கூடாது என்று கடிதம். இரண்டு பெரியவர்கள் நிற்க வேண்டுமாம், மற்ற ஆள் பஸ்னா. அவள் கேற்றடியில் நின்று தாய்மாருக்குச் சவுக்காரம் கொடுக்கிற விதத்தைப் பார்த்தால் எனக்கே பயமாக இருக்கு. தனுஷாவின் பெயரை வெட்டவில்லை. வேலையில் பிடித்த வருத்தம் என்று எழுதியிருக்கிறார்களாம். ஆறரைக்கு மதுரனை விட்டு விட்டு ஓடினாள்.

ஏழு மணிக்கு றமீஸ் தம்பி. பின்னால் அவர் மகன் அப்ஹாம், புதுத் தண்ணிப் போத்தலோடு. மனைவிக்கு வங்கியில் வேலை தொடங்கி விட்டதாம். "வீட்டில பாக்க ஆள் இல்ல அக்கா" என்றார், நிலத்தைப் பார்த்துக் கொண்டு. நான் ஒன்றும் பகிடி பண்ணவில்லை. கையைக் கழுவச் சொன்னேன், கழுவினார். கொப்பியில் அப்ஹாமின் பெயரை எழுதினேன். ஆறாவது பிள்ளை.

தம்பி போக எழும்பும்போது மகன் மோட்டார்சைக்கிள் சாவியை வாங்கி வைத்திருந்தான். வாப்பாவுக்குக் கொடு என்றோம். கிணற்றுக்குள் போட்டான். வாளி விட்டுப் பார்த்தோம். தவளை வந்தது. தம்பி ஆட்டோவில் போனார்.