ஜப்பான் அண்ணே, நீ போட்ட படியை இடித்துவிட்டேன்

என் ஆசை அண்ணனுக்கு,

போய்ச் சேர்ந்தவனிடம் சௌக்கியமா என்று கேட்டால் ஊர் சிரிக்கும். அதனால் விசாரிப்பை விட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். உயிரோடு இருந்தவரை நீ பேசினாய், நான் கேட்டேன். கேட்பதுபோல் தலையை ஆட்டிக்கொண்டு பணியாரத்தைத் திருப்பிப் போட்டேன் என்பதுதான் நிஜம். இன்றைக்கு நான் பேசுகிறேன், நீ கேள். நடுவில் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வராதே.

உன் ரப்பர் கம்பெனிக் கூட்டாளிகள் உன் முதலாம் ஆண்டுக்கு ஒரு நினைவு மலர் போடுகிறார்கள். கப்பலூரிலிருந்து செல்லூர் வரைக்கும் வீடு தேடி வந்து, தங்கச்சியும் எழுத வேண்டும் என்றார்கள். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் எழுதினால் பிழைக்கு யார் பொறுப்பு என்று கேட்டேன். அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சிரித்தார்கள். ஆகவே தப்பு இருந்தால் அவர்கள் கனவில் போய்த் திட்டு. என் கனவுக்கு வந்தால் சும்மா வா.

முதல் சேதி, என் மகள், உன் மருமகள் பவித்ரா முழுகாமல் இருக்கிறாள். வண்டியூரில் அவள் மாமியார் வீட்டில் வளைகாப்பும் முடிந்தது. தாய்மாமன் வளையல் போடும் நேரம் வந்தபோது எல்லாரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். மதினி, உன் பெண்டாட்டி, சுவரோரமாக ஒதுங்கி நின்றாள். பவித்ராதான் கையை நீட்டி, "மாமா பங்கை அத்தைதான் போடணும்" என்றாள். யாரோ முணுமுணுத்தார்கள். பிள்ளை கையை மடக்கவே இல்லை. மதினி வந்து போட்டாள். அன்றைக்கு அவள் சிரித்ததை நீ பார்த்திருக்க வேண்டும் அண்ணே.

வளைகாப்பு முடிந்த கையோடு பிள்ளையை அழைத்து வருவதுதானே முறை? அங்கேதான் வந்தது வினை. மாப்பிள்ளை ஒரு சாயங்காலம் வந்து நம் வீட்டுச் சந்தில் முன்னும் பின்னும் நடந்து பார்த்துவிட்டு, ரொம்ப மரியாதையாகச் சொன்னார்.

"அத்தை, ஆட்டோ சந்து முனையோட நின்னுருது. அவசரம்னா இவள எப்படி நடத்திக் கூட்டிட்டுப் போறது? தலைப்பிரசவம் எங்க வீட்டுலயே இருக்கட்டும்."

அவர் சொன்னதில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் பெற்றவளுக்கு எப்படி இருக்கும்? அன்றைக்கு ஊற்றிய பணியாரம் பூராவும் கருகிப்போனது.

ஆட்டோ ஏன் நுழையவில்லை என்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா? இதை வாசிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் சந்தில் பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது ரோடு போடுவார்கள். ரோடு ஏற ஏற வீடு பள்ளத்துக்குப் போகும். மழைத்தண்ணீர் உள்ளே வராமலிருக்க வாசலில் ஒரு மேடு கட்டுவோம். மேட்டில் ஏற ஒரு படி. படிமேல் வெயில் விழாமலிருக்க ஒரு தகரம், தகரம் சாயாமலிருக்க ஒரு கம்பி. எதிர்வீட்டு சாந்தா அக்காள் ஒரு படி முன்னால் வந்தால் நான் சும்மா இருப்பேனா? நானும் ஒரு படி வருவேன். இப்படி ரெண்டு பக்கமும் வளர்ந்து வளர்ந்து, நடுவில் ஒரு சைக்கிளும் ஒரு மாடும் உரசிக்கொண்டு போகிற அளவுக்குத்தான் தெரு மிச்சம்.

என் வாசலில் கடைசியாகப் போட்ட அகலப்படி நீ போட்டது. பணியார அடுப்பு வைக்க இடமில்லை என்று நான் மூக்கைச் சிந்தியதும், லீவு போட்டு வந்து சிமெண்டு குழைத்தாய். காய்வதற்குள் நீயே அதில் மிதித்து, உன் செருப்புத் தடம் அப்படியே பதிந்துவிட்டது. ஜப்பான்காரன் காலடி வைத்துவிட்டான், இனி இந்த இடம் நமக்கில்லை என்று தெருவே கேட்கக் கத்தினேன். நீயும் சிரித்தாய்.

உனக்கு ஜப்பான் அண்ணன் என்று பேர் வைத்தது நான்தான். அந்தக் கிறுக்கு உனக்கு எங்கிருந்து வந்தது என்று ரொம்பப் பேருக்குத் தெரியாது. நம் அப்பாவின் மூத்த அண்ணன் மலேயாவில் ரப்பர் தோட்டத்து வேலைக்குப் போனவர். ரெண்டாம் உலகச் சண்டையில் ஜப்பான் பட்டாளம் அங்கே இறங்கி, தோட்டத்து ஆட்களை ரயில் பாதை போடச் சயாம் காட்டுக்குக் கொண்டுபோனது. பெரியப்பாவும் போனார். அதற்குமேல் சேதி இல்லை. எந்த நாளில் செத்தார் என்று தெரியாததால் அப்பா ஆடி அமாவாசைக்கு இலை போட்டுப் படைப்பார். ஒரு அமாவாசையில் நீ கேட்டாய்.

"ஜப்பான்காரன் எதுக்குப்பா அம்புட்டுத் தூரம் வந்தான்?"

அப்பா, எல்லாம் தலையெழுத்து என்றார். உனக்கு அது போதவில்லை. செத்த தேதிதான் தெரியவில்லை, காரணமாவது தெரியட்டும் என்று லைப்ரரிக்கு நடக்க ஆரம்பித்தவன்தான். ஷிப்டு முடிந்து வந்து, என் அடுப்படியில் தட்டோடு உட்கார்ந்து, தின்ற பணியாரத்துக்கு வாடகையாக ஒவ்வொன்றாகச் சொல்வாய்.

முதலில் அமெரிக்காக்காரன் புகைக்கப்பலில் பீரங்கியோடு வந்து, கதவைத் திற என்று ஜப்பானை மிரட்டினான். சுற்றிலும் வெள்ளைக்காரர்கள் நாடுநாடாகப் பங்கு போடுகிறார்கள். அறுபடுகிற பழமாக இருப்பதைவிட நாமே கத்தியாகிவிடலாம் என்று ஜப்பான் நினைத்தது. சீனாவை ஜெயித்தது, ரஷ்யாவை ஜெயித்தது, கொரியாவை விழுங்கியது. அத்தனைக்குப் பிறகும் வெள்ளைக்காரர்கள் பெரிய சபையில் உட்காரவைத்துவிட்டு, எல்லா இனமும் சமம் என்று எழுத மட்டும் மாட்டோம் என்றார்கள். பந்தியில் உட்காரவைத்து இலை போடாத மாதிரி, பேச்சி, என்பாய்.

அப்புறம் பட்டுக் கதை. அதைத் தறி ஓடுகிற நம் செல்லூரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் வியாபாரம் படுத்ததும் ஜப்பான் பட்டை வாங்க ஆளில்லை. பட்டுப்புழு வளர்த்த கிராமங்களில் கஞ்சிக்கு வழியில்லாமல், பெண்பிள்ளையை விற்ற வீடுகள்கூட உண்டு. அந்த ஊர்ப் பிள்ளைகள்தான் பட்டாளத்தில் இருந்தார்கள். நிலம் வேண்டும், நிலக்கரி வேண்டும், மஞ்சூரியாதான் நமக்கு வழி என்று கொதித்தார்கள். அங்கேயிருந்த பட்டாள அதிகாரிகள் தங்கள் ரயில் தண்டவாளத்தில் தாங்களே வெடி வைத்துவிட்டு, சீனாக்காரன் வைத்தான் என்று சொல்லி மஞ்சூரியாவைப் பிடித்தார்கள். தலைநகரத்தில் இருந்தவர்களால் அவர்களை அடக்க முடியவில்லை.

அன்றைக்கு நான் கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? "வேணுங்கிறத விலைக்கு வாங்குனாப் பத்தாதா? அதுக்கு ஊரைப் பிடிக்கணுமா?"

நீ கையிலிருந்த பணியாரத்தைத் தட்டில் வைத்துவிட்டாய். "அங்கயும் சில பேரு அப்படித்தான் பேசுனாங்க பேச்சி. அவங்களச் சுட்டுப்புட்டாங்க."



மிச்சத்தை நம் தெருவைக் காட்டியே சொன்னாய். ஜப்பானைக் காக்கக் கொரியா, கொரியாவைக் காக்க மஞ்சூரியா, மஞ்சூரியாவைக் காக்க வடசீனா. வாசலுக்கு மேடு, மேட்டுக்குப் படி, படிக்குத் தகரம். சீனாவில் கால் வைத்தவர்கள் சேற்றில் மாட்டிக்கொண்டார்கள், முன்னேயும் போக முடியவில்லை, பின்னேயும் வர முடியவில்லை. தெற்கே பிரெஞ்சுக்காரன் பிடித்துவைத்திருந்த ஊருக்குள்ளும் நுழைந்ததும், அமெரிக்கா எண்ணெயை நிறுத்திவிட்டது. ஜப்பான் வண்டி ஓடியதே அந்த எண்ணெயில்தான். சீனாவை விட்டுப் போ என்றது அமெரிக்கா. இல்லாவிட்டால் டச்சுக்காரன் பிடித்துவைத்திருந்த ஊர் எண்ணெயைப் போய்ப் பிடிக்க வேண்டும். போகிற வழியில் அமெரிக்காக் கப்பல்கள் குறுக்கே வராமலிருக்க முதல் அடி அவனுக்கு. அதே வேகத்தில் மலேயாவிலும் இறங்கினார்கள், பெரியப்பா பால் வெட்டிக்கொண்டிருந்த ரப்பர் மரங்களுக்கு நடுவில்.

ஜப்பான்காரனுக்கு நீ என்ன வக்கீலா என்று சீண்டினேன். "காரணம் வேற, நியாயம் வேற" என்றாய். சீனாவில் செத்தவர்களையும் கொரியாவில் சீரழிந்தவர்களையும் எடுத்துச் சொன்னாய். அப்புறம்தான் அந்தக் கடைசிச் சங்கதியைச் சொன்னாய். சீனாவிலிருந்து பட்டாளத்தைத் திருப்பிக்கொள்ளலாமா என்று மந்திரிகள் கூடியபோது, இத்தனை பேர் அங்கே உயிரை விட்டிருக்கிறார்களே, அவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டே வழியை அடைத்தார்களாம்.

இப்போது என் யுத்தத்துக்கு வருகிறேன். மாப்பிள்ளை சொல்லிவிட்டுப் போனதும் சாந்தா அக்காளிடம் போனேன். ரெண்டு வீட்டுப் படியையும் எடுத்துவிடலாம் என்றேன். "நீ மொதல்ல எடு, பெறகு நான் பார்க்கேன்" என்றாள். அவள் வீட்டில் தறிக்குப் பாவு நூல் இறக்குவது அந்தப் படியில்தான், அவள் பாடு அவளுக்கு. நீ எடு, நீ எடு என்று பேச்சு முற்றியதில், இத்தனை நாள் அவள் வீட்டு மோட்டாரிலிருந்து எனக்குக் குழாய் விட்டுக்கொண்டிருந்தாளே, அந்தத் தண்ணீரை நிறுத்திவிட்டாள்.

எனக்கு வந்ததே ஒரு கோபம். இன்னும் அரை அடி முன்னால் இழுத்துக் கட்டி, அவள் வீட்டுச் சைக்கிளைக்கூடத் திருப்ப முடியாமல் செய்கிறேன் பார் என்று கொத்தனாரை வரச் சொன்னேன். மகள் வீட்டுக்கு வரவேண்டும் என்று ஆரம்பித்தவள், அவளை மறந்தேபோனேன். சிரிக்காதே.

கொத்தனார் வந்து நூல் பிடித்தார். என் வீட்டுக்காரர் உன்மேல் எம்புட்டுப் பிரியம் வைத்திருந்தார் என்று உனக்குத் தெரியும். அவர் கண் கலங்கிச் சொன்னார்.

"மச்சான் கையால போட்ட படி. செத்துப்போனவரு ஞாபகமா இருக்கிறது இது ஒண்ணுதான். இதுல ஒரு இஞ்சு விட்டாலும் அவருக்கு என்ன பதில் சொல்றது?"

அந்தக் கடைசி வார்த்தையில் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நீ என் அடுப்படியில் சொன்னது அச்சு மாறாமல் என் வாசலில் நிற்கிறது. தண்ணீரும் நின்றிருக்கிறது, நானும் முன்னால் போகக் கொத்தனாரோடு நிற்கிறேன், செத்தவனும் சாட்சிக்கு வந்துவிட்டான். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கொத்தனார் நூலைக் கீழே போட்டுவிட்டு, ஏதும் ஆகிவிட்டதோ என்று பார்த்தார்.

என் வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். "எங்கண்ணன் இதுக்குப் பதிலே கேக்க மாட்டான். வாரது அவன் மருமக. அவன் இருந்தா அவனே கடப்பாறையத் தூக்கிருப்பான்."

அப்புறம் கொத்தனாரிடம், கட்ட வேண்டாம் அண்ணே, இடிங்க என்றேன்.

முதல் அடி விழுந்தபோது நெஞ்சில் விழுந்த மாதிரிதான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். உன் செருப்புத் தடம் இருந்த துண்டை மட்டும் உடையாமல் எடுத்துக் கொடுக்கச் சொன்னேன்.

சாந்தா அக்காள் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பாதி வேலையில் இறங்கி வந்தாள். தன் படியையும் இடிக்கச் சொல்வாள் என்று நீ எதிர்பார்த்தால் ஏமாந்தாய், அதில் ஒரு செங்கல்கூட அசையவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"இனிமே சட்டிய எங்குட்டு வைப்ப?"

"உன் தலையில" என்றேன்.

"தலையில வேணாம், எங்க படியில ஓரமா வச்சுக்க. புகை பாவு மேல படக் கூடாது. மொத ஈடு எங்க வீட்டுக்கு."

அம்புட்டுத்தான். சாயங்காலம் குழாயில் தண்ணீர் வந்தது. 

என் பக்கம் இடம் விட்டதே ஆட்டோவுக்குப் போதுமாக இருந்தது. போன வெள்ளிக்கிழமை பவித்ரா வாசலிலேயே இறங்கினாள். மாப்பிள்ளை ஆட்டோவுக்கு முன்னால் நடந்து வந்து, தெருவை அளப்பவர்போல ரெண்டு பக்கமும் பார்த்தார். நான் ஆரத்தித் தட்டோடு நின்றுகொண்டு, என்ன மாப்பிள்ளை, லாரி ஏதும் வேண்டுமா என்று கேட்டேன். அவருக்கு வெட்கம். உள்ளே வந்ததும் பவித்ரா தேடியது உன் படியை. எதிர்வீட்டில் போய்ப் பார் என்றேன்.

அடுப்பு இப்போது சாந்தா அக்காள் படியில்தான். ஆடாமலிருக்க அதன் கீழே உன் செருப்புத் தடத் துண்டை வைத்திருக்கிறேன். ஒரு குண்டு போடாமல் எதிர்வீட்டில் காலடி வைத்துவிட்டாய் அண்ணே. ஜப்பானால் இது முடிந்ததா?

உனக்கு நன்றி என்று சொன்னால் உனக்குப் பிடிக்காது, எனக்கும் வாய் கூசும். ஆனால் சொல்ல வேண்டும். எதற்கும் தலையெழுத்து என்று சொல்லி எழுந்து போகாமல், ஏன் என்று கேட்கக் கற்றுவைத்தாய். பள்ளிக்கூடம் கொடுக்காததை என் அடுப்படியில் உட்கார்ந்து நீ கொடுத்தாய். கேட்காத மாதிரி நடித்தேனே தவிர, எல்லாம் கேட்டிருக்கிறேன். அது உனக்குத் தெரியுமா?

வருகிற ஆடி அமாவாசைக்குப் பெரியப்பாவுக்கு இலை போட இனி நீ இல்லை. நான் போடுகிறேன். பவித்ரா பிள்ளை வளர்ந்து, இது யாருக்கு என்று கேட்டால், விதி என்று சொல்ல மாட்டேன். புகைக்கப்பலிலிருந்து ஆரம்பித்து, பட்டு, எண்ணெய், ரப்பர் வரைக்கும் விடாமல் சொல்வேன். நடுவில் தூங்கினால் எழுப்பிச் சொல்வேன். நீ படி போட்ட இடத்தில் இனி யார் கட்டச் சொன்னாலும், உன் பேரைச் சொல்லிக் கேட்டாலும், ஒரு செங்கல் வைக்க மாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

அடுப்பு காய்கிறது. முதல் ஈடு எதிர்வீட்டுக்கு. ரெண்டாவது எப்போதும்போல உனக்கு.

உன் வாயாடித் தங்கச்சி,
பேச்சி