துருவின் மேல் ஒரு வட்டம்

மார்ச் 4

காலை முழுக்கக் கப்பல் உடைக்கும் யார்டில் படம் எடுத்தேன். கரையேற்றிய கிழட்டுச் சரக்குக் கப்பல். விலாவில் துரு ஆரஞ்சும் ஊதாவுமாகப் பொரிந்து நிற்கிறது, கொள்ளை அழகு. அதன் நடுவில் திருஷ்டிப் பொட்டு மாதிரி ஒரு சாக்பீஸ் வட்டம்!

அங்கே கேஸ் தீயால் தகடு வெட்டும் அத்தான், என் அக்காவின் கணவர், சிரித்தார். "அந்த வட்டம் இருந்தாத்தாம்மா நான் தொடுவேன். தொட்டியில கேஸ் இல்லன்னு மேஸ்திரி சோதிச்சுப் போடுறது. பெருக்கல்குறின்னா கிட்டயே போகமாட்டோம்."

அச்சிடும்போது வட்டத்தை வெட்டிவிட்டுச் சுவரில் மாட்டினேன்.

மார்ச் 5

வெடித்துவிட்டது.

மார்ச் 6

வட்டம் போட்டிருந்த அதே தகடு. நேற்றும் நான் படம் எடுக்கப் போயிருந்தேன். அத்தான் தீயை வைத்ததும் தொட்டி வெடித்து, பறந்த இரும்பு கீழே நின்ற இருவரை அறுத்துப்போட்டது. ஒரு பூட்ஸ் என் பக்கத்தில் வந்து விழுந்தது. உள்ளே கால் இருந்தது.

அத்தானுக்குக் கையும் முகமும் வெந்துவிட்டன. மேஸ்திரி சத்தியம் செய்கிறான்: "நான் பெருக்கல்தான் போட்டேன். குடிகாரப் பய, பாக்காம வெட்டிட்டான்." டீயைத் தவிர எதைக் குடித்தார் அந்த மனுஷன்? வட்டத்தை நான் பார்த்தேன் என்றால் மைத்துனி பேச்சை யார் நம்புவார்கள்? தகடோ தூள்தூள்.

மார்ச் 8

செத்தவர்களின் ஆட்கள் அத்தான்மேல் இருந்த ஆத்திரத்தில் எங்கள் வீட்டுக் கதவை உடைத்து வந்தார்கள். அக்காவை முடியைப் பிடித்து இழுத்தார்கள். என்னைச் சுவரில் மோதியதில் துருப்படம் விழுந்து நொறுங்கியது. அப்போதுதான் உறைத்தது — சீ, என்ன ஜென்மம் நான்! வெட்டாத படம் காமிராவில் இருக்கிறதே!

அவர்களிடமே காட்டினேன். செத்தவனின் அண்ணன் பெரிதாக்கிப் பார்த்தான். "வட்டம்டா," என்றான்.

மார்ச் 9

மேஸ்திரியை இரும்புக் குழாயால் அடித்தார்கள். "சீக்கிரம் சீக்கிரம்னாங்க... சோதிக்காமப் போட்டுட்டேன்," என்று பல்லோடு துப்பினான். அப்புறமும் அடித்தார்கள். நான் தடுக்கவில்லை. இன்னும் ரெண்டு விழட்டும் என்றுதான் இருந்தது.

அக்காதான் குறுக்கே விழுந்தாள். "விடுங்கடா! இவனும் செத்தா போலீஸ்ல யாரு உண்மையச் சொல்லுவா?"

ஏப்ரல் 2

அத்தானின் கண்கட்டை அவிழ்த்தார்கள். மேஸ்திரி ஒப்புக்கொண்டதை எத்தனையோ முறை சொல்லியாயிற்று. "வெடிச்சதுக்கு முந்தி எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லம்மா. அந்தப் படத்தக் காட்டு," என்றார்.

பிடித்துக் காட்டினேன். கட்டுப்போட்ட கையால் வட்டத்தைத் தடவினார்.

"அப்ப நான் பாத்துட்டுதான் வெட்டியிருக்கேன்."

வெகுநேரம் அழுதார். பிறகு, "துரு நல்லா வந்திருக்கு," என்றார்.

நான் துருவைப் பார்க்கவே இல்லை, வட்டத்தைத்தான்.