கதவாண்ட நிற்க ஆள்

இன்று கல்லூரி நூலகத்தில் ஆசாரி வந்து பெண்கள் கழிப்பறைக்குப் புதுத் தாழ்ப்பாள் பொருத்தினார். அறையெங்கும் மரத்தூள் வாசனை. உன் நினைவு வந்துவிட்டது.

நம் கோர்ட்டில் கறுப்புக் கோட்டுப் போட்ட பெண்கள் நாம் இரண்டே பேர். அங்கே பெண்கள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது. நீ உள்ளே போனால் நான் வெளியே காவல். நான் போனால் நீ. நிற்கிற நேரத்தில் கேஸ் கட்டைப் படிப்பேன். எதிர்த்தரப்பு மனுவின் நகலையும் கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டு, அவர்கள் சொல்வதும் சரிதான் என்பேன்.

“எதிராளிக்கே தெரியாத நியாயத்தக் கண்டுபுடிச்சுக் குடுக்கிற. உன்ன நம்பி வந்தவன் இன்னாடி ஆவான்?” என்று சிரிப்பாய்.

எனக்கு அது உறைத்தது. தபால் வழியில் நூலகவியல் படித்தேன். வேலை உத்தரவு வந்த பிறகுதான் உன்னிடம் சொன்னேன். வீட்டில் சொல்ல இவ்வளவு பயமில்லை. நீ டிபன் பாக்ஸை மூடினாய்.

“போ. இனிமே கதவாண்ட யாரு நிப்பா, அத மட்டும் சொல்லிட்டுப் போ.”

கேஸ் கட்டுகளை உன் மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

இங்கே எனக்கு எல்லாம் பிடித்திருந்தது. பாதிப் பெயர் சொல்லிக் கேட்கப்படும் புத்தகத்தைத் தேடி எடுப்பது, யார் பக்கமும் சேராமல் படிப்பது. ஆனால், நீ பகலெல்லாம் தண்ணீரே குடிப்பதில்லை என்று நம் குமாஸ்தா ஒருநாள் சொன்னார். அதன்பின் என் சொம்பை எடுக்கும்போதெல்லாம் கை கூசியது.

பல மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, கோட்டைக் கையில் மடித்துப் போட்டபடி வந்தாய். தண்ணீர் கேட்டு வாங்கி, முழுச் சொம்பையும் குடித்தாய்.

“தாழ்ப்பா போட வெச்சிட்டேன். மூணு தடவ எழுதிக் குடுத்தேன். நீ இருந்திருந்தா இன்னும் மாத்தி மாத்தி நின்னுகினு இருந்திருப்போம்.”

“கோவம் போச்சா?”

“கொஞ்சம் கம்மியாயிருக்கு. நல்ல கதை புக்கு ஒண்ணு குடு, மீதியப் பாக்கலாம்.”

பிறகு, பௌர்ணமிக் கிரிவலக் கூட்டத்தில் பஸ் கிடைக்காத நாள் தவிர, எல்லாச் சனிக்கிழமையும் வந்தாய். “இவ மொதல் அத்தியாயத்துலயே என்னாண்ட வந்திருந்தா ஜீவனாம்சம் வாங்கிக் குடுத்திருப்பேன்” என்று புத்தகத்தை மேசையில் வைப்பாய்.

நீ இறந்துபோய் மூன்று வருடம் ஆகிறது. ஒன்று இல்லாமலே சமாளிக்கப் பழகும்போது நான் இப்போது சுதாரித்துக்கொள்கிறேன். வாசிப்பறைக்கு மின்விசிறி கேட்டு இன்று மூன்றாவது கடிதம் கொடுத்தேன்.

“நீங்க வக்கீலாவே இருந்திருக்கலாம் மேடம்” என்றார் அலுவலகத்தில் ஒருவர்.

வக்கீல் நீதான். நான் சிரித்துவிட்டு, நாலாவது கடிதத்துக்குத் தாள் கேட்டு வாங்கி வந்தேன்.