ஜாம் போத்தலில் அத்தையின் கற்கள்

அத்தை,

பையைத் திறந்தால் இன்னும் ஸ்பிரிட் வாடை அடிக்கிறது. கொழும்புக் கண்காட்சி முடிந்து என் சாமான் பெட்டி போன வாரம்தான் வந்தது. மேலாகவே உங்கள் ஜாம் போத்தல். உள்ளே உங்கள் வயிற்றிலிருந்து எடுத்த கற்கள். வெளியே என் கையெழுத்தில் ஒரு துண்டு: "பித்தக்கல். பெண். கொழுந்து பறிப்பவர். பெயர் தெரியாது."

தெரியாதாம். சின்ன வயதில் பாதி நாள் உங்கள் காம்பராவில் சோறு தின்றவன் எழுதியது.

அந்த வலியோடு எத்தனை வருஷம் தேயிலை மலை ஏறினீர்கள். கொழுந்து பறிக்கும்போது பாதி நிரையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்திவிடுவீர்கள். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா நடிப்பு என்றார். திங்கட்கிழமை வயிற்றுவலி என்று நானும் கேலி செய்திருக்கிறேன். நுவரெலியாவில் ஒப்பரேஷன் செய்து, கல்லைக் கையிலேயே கொடுத்து அனுப்பினார்கள். திரும்ப வேலைக்குப் போன முதல் நாள் காலைப் பெரட்டில், பெயர் கொடுக்க ஆட்கள் எல்லாரும் வரிசையாக நிற்க, கண்டாக்கு முகத்துக்கு நேரே போத்தலை ஆட்டினீர்கள்.

"ஐயா, இதுதான் நான் நடிச்சது."

அன்றிலிருந்து அது சாமி படத்துக்குப் பக்கத்தில் இருந்தது. யார் வந்தாலும் தேத்தண்ணிக்கு முன்னால் போத்தல் வந்துவிடும். பக்கத்து காம்பரா மேரி அக்கா மட்டும், ஆற்றில் பொறுக்கியதா என்று கேட்பார். நீங்களும் சிரிப்பீர்கள்.

நான் கெம்பஸ் படிப்பை விட்டுவிட்டுக் கொழும்பில் சுற்றிக்கொண்டிருந்தபோது, நண்பன் ஒருவன் ஒரு பழைய மருத்துவக் காட்சிசாலைக்குக் கூட்டிப்போனான். அலுமாரி அலுமாரியாகப் போத்தல்கள். ஈரல், எலும்பு, பிறக்காத பிள்ளை. எல்லாவற்றிலும் நோயின் பெயர் இருந்தது, ஆளின் பெயர் இல்லை. எனக்குக் கோபம் வந்தது. அதே மாதிரி அலுமாரி கட்டி நம் தோட்டத்து ஆட்களை வைத்துக் காட்டுகிறேன் என்று கிளம்பினேன். கறை பிடித்த நகம், உதிர்ந்த முடி, பிடுங்கிய பல் எல்லாம் கேட்டுத்தான் வாங்கினேன். உங்களிடம் மட்டும் கேட்கவில்லை. கேட்டால் தரமாட்டீர்கள். நீங்கள் மலைக்குப் போயிருந்த நேரம் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அன்றைக்கே எனக்குப் போன் எடுத்தீர்கள்.

"போத்தலக் காணோம்டா. மேரிதான் எடுத்து எறிஞ்சிருப்பா. அவளுக்குத்தான் அது கண்ண உறுத்திக்கிட்டு இருந்துச்சு."

போத்தல் என் மடியில் இருந்தது.

"இருக்கும் அத்தை" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். பிறகு ஒரே சுவருக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமும் இருந்துகொண்டு நீங்கள் இரண்டு பேரும் பேசவே இல்லை. தண்ணீர் பிடிக்கிற இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்வீர்களாம். மேரி அக்கா மகளின் கல்யாணத்துக்கும் போகவில்லையாம். கண்காட்சி முடியட்டும், கொண்டுபோய் வைத்துவிட்டுச் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். அங்கே ஒரு அம்மா, கல் நிஜமா, யாருடையது என்று கேட்டார். தெரியாது என்றேன். அடுத்த வாரம் நீங்கள் கொழுந்து மலையிலேயே விழுந்து போய்விட்டீர்கள்.

உங்கள் சாவுக்கு வந்தவர்களுக்கு மேரி அக்காதான் தேத்தண்ணி ஊற்றினார், தன் வாசலில் நின்று. உங்கள் படி ஏறவில்லை. நான் அந்தத் தேத்தண்ணியையும் வாங்கிக் குடித்தேன்.

பெட்டி வந்த மறுநாள் போத்தலைக் கொண்டுபோய் அவரிடம் சொன்னேன். அவர் ஏசவில்லை. வெகுநேரம் அதைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"எங்கிட்ட எதுக்குடா சொல்ற. அவகிட்டல்ல சொல்லியிருக்கணும்."

அதனால்தான் எழுதுகிறேன். நான்தான் எடுத்தேன், அத்தை. மேரி அக்கா இல்லை.

உங்கள் காம்பராவில் இப்போது வேறு குடும்பம். திருப்பி வைக்க இடம் இல்லை. கண்காட்சிக்காக நான் ஊற்றிய ஸ்பிரிட்டைக் கொட்டிக் காயவைத்துப் பையிலேயே வைத்திருக்கிறேன். நோர்வூட் வளைவுகளில் பஸ் திரும்பும்போதெல்லாம் கல் ஆடுகிறது. நேற்று பக்கத்து சீட்காரர் என்ன சத்தம் என்று கேட்டார். உங்கள் பெயரைச் சொன்னேன்.

"அவங்க வயித்துல இருந்த கல்லு. நான் திருடுனது."

அவர் எழுந்து முன் சீட்டுக்குப் போய்விட்டார்.