பன்னிரண்டாவது ஆணி

தெப்பித்தோ, மெக்சிகோ நகரம்
3 நவம்பர் 1974

மதிப்பிற்குரிய ஒலாயா அவர்களுக்கு,

இந்தக் கையெழுத்து உங்களுக்குப் பழக்கமில்லாதது. உறையின் பின்புறம் பெயரும் இருக்காது. செப்டம்பர் பதினான்காம் தேதி, குத்துச்சண்டைக்கு முன் எடை பார்க்கும் கூடத்தில், ஆண்கள் எல்லோரும் தராசைச் சுற்றி நின்றபோது, உங்கள் நாற்காலியில் பாதியை ஒருத்திக்குத் தந்தீர்கள். பச்சைச் சால்வை போர்த்தியிருந்த அவள் நான்தான். அன்செல்மோவின் மனைவி எட்டெல்வினா. தயவுசெய்து இந்த வரியோடு கடிதத்தைக் கிழித்துவிடாதீர்கள்.

மசாத்லானில் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். உங்கள் கணவர் ருத்திலியோவின் புருவத்துத் தையல் ஆறியிருக்கும் என்று நம்புகிறேன். இங்கே அன்செல்மோ நன்றாகச் சாப்பிடுகிறார். முகத்தில் வீக்கம் வடிந்துவிட்டது. பார்க்கிறவர்கள் எல்லோரும் ஆள் தேறிவிட்டார் என்கிறார்கள்.

என் அண்ணன் நபோரின் செருப்புப் பட்டறைக்கு மேல்மாடியில் குடியிருக்கிறோம். கீழே ஆறு பேர் வேலை செய்கிறார்கள். வாயில் ஆணியைக் கவ்விக்கொண்டு வேலை செய்கிறவர்கள் அதிகம் பேசமாட்டார்கள் என்று முன்பு நினைத்திருந்தேன். இந்த ஏழு வாரமாக ஆணி ஒருவர் வாயிலும் தங்குவதில்லை. தோல் வெட்டும் பலகையில் சுற்றுக்கு ஒன்றாகப் பதினைந்து ஆணி அடித்து வைத்திருக்கிறார்கள். இடது வரிசை அன்செல்மோ வென்ற சுற்றுகளுக்கு, வலது வரிசை உங்கள் கணவர் வென்றவற்றுக்கு. பதினான்கு ஆணிகள் ஏழுக்கு ஏழாக அசையாமல் நிற்கின்றன. பன்னிரண்டாவது மட்டும் தினமும் பிடுங்கப்பட்டு வரிசை மாறுகிறது. அந்தச் சுற்றில்தானே ருத்திலியோவின் முழங்கால் தரையைத் தொட்டது. குத்து பட்டுத் தொட்டதா, மூலையில் சிந்தியிருந்த தண்ணீரில் வழுக்கித் தொட்டதா என்பதுதான் வழக்கு. நடுவர் குத்து என்று எண்ணினார். தீர்ப்பளித்த மூவரில் இருவர் எங்களுக்குத் தந்தார்கள்.

பட்டறையில் மூத்தவர் மெலித்தோன் உங்கள் பக்கம். "பெரியவரே, உமக்குக் கண்ணாடி மாத்தணும்" என்று அண்ணன் சீண்டினால் அவர் விடமாட்டார். "எனக்குக் கண்ணாடி வேணாம்ப்பா. அந்த நடுவருக்கு ஒரு துடைப்பம் வாங்கிக் குடு. தரையைத் துடைச்சிட்டு எண்ணச் சொல்லு" என்பார். இதையெல்லாம் மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டு நானும் சிரித்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை வரை.

அன்று அன்செல்மோ கீழே போயிருந்தார். மெலித்தோன் சுத்தியலை வைத்துவிட்டு நேராகக் கேட்டார். "எங்க கண்ணுதான் பொய் சொல்லும். அடிச்சது உன் கை, அதுக்குத் தெரியும்ல? பட்டுச்சா, படலையா? நீ சொல்லிட்டா ஆணியை நானே மாத்தி அடிக்கிறேன்."

"தோள்பட்டை வரைக்கும் உணர்ந்தேன் பெரியவரே" என்றார் என் கணவர். "பதினோராவது சுத்து. மணி அடிக்க இருபது விநாடி இருந்துச்சு."

மெலித்தோன் மெதுவாகப் பன்னிரண்டு என்று திருத்தினார். இவர் பதினொன்றுதான் என்று அடித்துச் சொன்னார். "அடிச்சவனை விடப் பார்த்தவருக்கு ஜாஸ்தி தெரியுமோ" என்று அண்ணன் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். மெலித்தோன் தோற்றுப்போனவராக ஆணியை இடது வரிசைக்கு மாற்றினார். காபிப் பாத்திரத்தோடு படியில் நின்ற நான் கீழே இறங்காமல் மேலே திரும்பிவிட்டேன்.

ஏனென்றால், போட்டிக்கு மறுநாள் ஒரு காலைப் பத்திரிகைதான் பதினோராம் சுற்று என்று தவறாகப் போட்டது. இருபது விநாடி என்பதும், தோள்பட்டை வரை உணர்ந்திருப்பார் என்பதும் அதே பத்தியில் வந்தவை. அதைக் கத்தரித்து நோட்டில் ஒட்டியவள் நான். அடுத்த நாள் ஒரு மூலையில் வந்த திருத்தத்தை ஒட்டவில்லை. அவர் தினமும் அந்த நோட்டைப் புரட்டுவதைப் பெருமை என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் பாடம் படித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

மறுநாள் காலை அவர் சவரம் செய்யும்போது, எந்தப் பத்திரிகையிலும் வராத ஒன்றைக் கேட்டேன். போட்டியன்று தீர்ப்புக்குப் பிறகு உங்கள் கணவர் வெறுங்காலோடு எங்கள் உடைமாற்றும் அறைக்கு வந்தார். ஒரு கண் மூடிப்போயிருந்தது. பெஞ்சில் இவர் பக்கத்தில் உட்கார்ந்து, "போதும்டா அன்செல்மோ. நமக்கு ஆளுக்கு ஒரு தலைதான் இருக்கு. வீட்டுக்குப் போவோம்" என்றார். இவர் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்த அறையில் அப்போது மூன்றாவது ஆளாக இருந்தது நான் மட்டும்.

ருத்திலியோ வந்தது நினைவிருக்கிறதா என்று கேட்டேன்.

"ருத்திலியோவா? அவன் எதுக்கு நம்ம ரூமுக்கு வரான்?" என்றார். உடனே, "ஆமாமா, வந்தான். வாழ்த்துச் சொன்னான்" என்றார். கத்தி பிடித்த கை ஆடவில்லை. கண்கள் மட்டும் கண்ணாடியில் என் முகத்துக்குள் விடையைத் தேடிக்கொண்டிருந்தன.

மேலாளரின் மருத்துவர் கண்ணில் விளக்கடித்துப் பார்த்து, எருது மாதிரி இருக்கிறான் என்று சொல்லிவிட்டார். வரும் பதினைந்தாம் தேதி மறுபோட்டிக்குக் கையெழுத்து. வேண்டாம் என்று கெஞ்சினேன். யாரோ எங்கள் கதவில் சுண்ணாம்புக் கட்டியால் 'திருடன்' என்று எழுதியிருந்தார்கள். நான் துடைப்பதற்குள் அவர் பார்த்துவிட்டார். அந்தப் பெயரோடு ஓய்வு பெறமாட்டேன் என்கிறார். பெயர் மட்டும் நீங்கினால் கையுறையைக் கழற்றிவிடுவேன் என்று என் தலையில் கைவைத்துச் சொன்னார். அதை நம்புகிறேன். அதை மட்டும்தான் இப்போது நம்ப முடிகிறது.

இனி நான் கேட்கப்போவது நியாயமில்லாதது. நான் உட்கார்ந்திருந்தது அந்த ஈர மூலைக்கு நேர் எதிரே. உங்கள் கணவரின் கால் வழுக்கியதைப் பார்த்தேன். என் கணக்கில் எட்டுக்கு ஏழு, ருத்திலியோதான் வென்றார். இதைப் பெற்ற தாயிடம்கூட நான் சொன்னதில்லை. உங்களுக்கு எழுதித் தருகிறேன். வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ருத்திலியோ பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு, 'அது குத்துதான், எனக்குப் பட்டது' என்று ஒரு வாக்கியம் சொன்னால், ஆணிகள் அசையாமல் நின்றுவிடும். மறுபோட்டி இருக்காது. பறிகொடுத்தவரிடமே போய், பறிபோகவில்லை என்று சொல்லச் சொல்கிறேன். இதற்கு என்ன பெயர் வைத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன்.

நேற்று இறந்தவர்களின் நாள். அப்பாவின் படத்துக்கு முன்னால் சாமந்தியும் ரொட்டியும் வைத்தேன். மேசையில் இன்னொரு படத்துக்கு இடமிருப்பதைப் பார்த்து, பூக்களைப் பரப்பி அந்த இடத்தை மறைத்தேன்.

கடைசியாக ஒன்று. எழுதவே பயமாக இருக்கிறது. சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருக்கும்போது, சாதாரணமாகக் கேட்பதுபோல் ருத்திலியோவிடம் கேளுங்கள். அன்று தீர்ப்புக்குப் பிறகு யாருடைய அறைக்குப் போனார், அங்கே என்ன சொன்னார் என்று. வார்த்தைகளை நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள். கேட்கும்போது அவர் உங்கள் முகத்தைப் பார்க்கிறாரா என்று மட்டும் கவனியுங்கள்.

பதிலை வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். லகுனில்யா அஞ்சலகத்தில் என் பெயருக்கு வைத்திருக்கும்படி எழுதுங்கள். தினமும் போய்க் கேட்பேன். 'நினைவிருக்கிறது' என்ற ஒரு சொல் போதும். அந்தச் சொல்லை உங்களால் எழுத முடியாமல் போனால், என் கணவரை விடுங்கள், உங்கள் கணவரைக் கையெழுத்துப் போட விடாதீர்கள்.

மாதா உங்கள் வீட்டுக் கூரையையும் எங்கள் வீட்டுக் கூரையையும் ஒரே சால்வையால் மூடிக் காக்கட்டும்.

உங்கள் நாற்காலியில் பாதி இடம் பெற்றவள்,
எட்டெல்வினா