மீசை வைத்த முட்டை

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே இன்டர்நெட்டும் ஆமை வேகம்தான், அதனால் கடிதம் தாமதம். உன் ஆபீஸ் நடத்தும் இந்த ஆமை முகாமைப் பற்றி நீ விளம்பரத்தில் எழுதியதெல்லாம் நிஜம்! நேற்று எங்கள் குழு கடற்கரையில் ஓர் ஆமைக் குழியைக் கண்டுபிடித்துத் தோண்டியது. தொண்ணூற்றொரு முட்டை. முட்டை வாங்குவது எனக்குப் பழக்கம்தானே, கணக்குப் பரீட்சையில்!

முகாமில் நாய் புகாத வேலிக்குள் கொண்டுபோய்ப் பத்திரமாகப் புதைத்தோம். இனி அறுபது நாள் யாரும் தொடக்கூடாதாம். லேசாகப் புரட்டினாலும் உள்ளே குஞ்சு செத்துவிடும் என்றார் முகாம் மாஸ்டர். புதைக்கும் முன் ஒன்றுக்கு மட்டும் பேனாவால் முறுக்கு மீசை வரைந்துவிட்டேன். பெயர் மீசைக்காரன். பொரிந்தால் எனக்குச் சொல்வார்களா? உன் ஆபீசில் கேட்டு வை.

இப்படிக்கு,
உன் ஏழரை


ஜூன் 5

என் செல்லக் குரங்குக்கு,

ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? அம்மா தினமும் கேட்கிறாள். தொப்பி போட்டுக்கொள், கருவாடாகத் திரும்பி வராதே.

மீசையைப் படித்து ஆபீசிலேயே சிரித்துவிட்டேன். ஆனால் விளையாட்டு போதும்டா. ஞாயிற்றுக்கிழமைக்குள் அதை அழித்துவிடு. திங்கட்கிழமை புதுக் குழு தோண்டும்போது கண்ணில் பட்டால் வம்பு. என் வேலைக்கு உலை வைக்காதே.

முட்டையோடு நீ நிற்கிற படம் அனுப்பு. அடுத்த விளம்பரத்தில் உன் மூஞ்சிதான்.

அன்புடன்,
அக்கா


ஜூன் 9

அக்காவுக்கு,

அழிக்கவில்லை. புரட்டினால் செத்துவிடுமே என்று பயந்தேன். நீ எழுதியது அப்போது புரியவில்லை.

இன்று காலை புதுக் குழு கடற்கரையில் குழியைக் கண்டுபிடித்தது. மாஸ்டர் போன வாரம் போலவே ஆச்சரியப்பட்டார். என்னைவிடச் சின்னப் பெண் ஒருத்தி மண்டிபோட்டுத் தோண்டினாள். மீசைக்காரன் வெளியே வந்தான். மீசை கொஞ்சம் கலைந்திருந்தது. நாற்றம். அவள் சந்தோஷத்தில் அழுதாள்.

வேலிக்குள் ஓடிப்போய், நாங்கள் புதைத்த இடத்தில் தோண்டிப் பார்த்தேன். வெறும் மணல்.

திங்கட்கிழமை மறுபடி தோண்டுவார்கள் என்று நான் உன்னிடம் சொல்லவே இல்லையே, அக்கா. எனக்கே தெரியாதே. தெரிந்துதான் என்னை அனுப்பினாயா?

அந்தப் பெண்ணிடம் சொல்லப் போனேன். உன் வேலை ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டேன். அதற்காக என்னை எனக்கே பிடிக்கவில்லை.

நீ கேட்ட படம் இதோடு இருக்கிறது. ஒன்றல்ல, இரண்டு. போன திங்கட்கிழமை நான், இன்று அவள். இரண்டு பேர் கையிலும் அதே மீசை. படத்துக்குக் கீழே போடுகிற வரியை நீதானே எழுதுவாய்.

எழுது.

தம்பி